பாஸ்கா புகழுரையைப் பாட ஆள் இல்லையா, மனம் இல்லையா?

உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய பெரிய சனிக்கிழமை இரவு எங்கள் பங்குக் கோவிலில் நடந்ததைப் பற்றி நான் எழுதிய சின்னப் பதிவுக்கு வந்த மறுமொழிகளை எல்லாம் பொறுமையாக வாசித்தேன். இனிச் சுருக்கமாகச் சொல்லிப் பயனில்லை. காணொளியைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. பாஸ்கா திரி என்ற பெரிய மெழுகுதிரி பீடத்தருகே வந்து நிற்கிறது, எல்லோர் கையிலும் மெழுகுவர்த்தி எரிகிறது, உயிர்ப்பை அறிவிக்கும் பாடலான பாஸ்கா புகழுரை தொடங்க வேண்டிய அந்த நொடியில் யாரோ செல்பேசியைத் தட்ட, எந்த ஸ்டூடியோவிலோ பதிவான ஒரு குரல் ரிதம் பேடு சகிதம் ஒலிபெருக்கியிலிருந்து கிளம்புகிறது. இடையில் வாட்ஸாப் செய்தி வந்த ஓசையும் கோவில் முழுக்கக் கேட்டது. அதையும் வழிபாட்டின் பகுதி என்று நினைத்துச் சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்களோ என்னவோ.

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: உயிருள்ள ஒரு மனிதர் அதைப் பாடியிருக்கக் கூடாதா? ஆண்டு முழுவதிலும் அந்த ஓர் இரவில் மட்டுமே பாடப்படும் பாடல் அது. குருவுக்கு அடுத்த நிலையில் உள்ள திருத்தொண்டர் பாடலாம், அவர் இல்லையென்றால் குரு பாடலாம், அவருக்கும் இயலாதென்றால் குருவல்லாத பொதுநிலையினர் ஒருவரே ஓரிரு வரிகளை விட்டுவிட்டுப் பாடலாம் என்று திருப்பலிப் புத்தகமே வழி விட்டிருக்கிறது. நேரமில்லாதவர்களுக்காகச் சுருக்கமான வடிவமும் அதிலேயே அச்சாகியிருக்கிறது. தேனீக்களின் உழைப்பால் உண்டான மெழுகைக் கடவுளுக்குக் காணிக்கையாக்குவதைப் பாடும் பாடலை ப்ளூடூத் ஸ்பீக்கரிடம் ஒப்படைத்துவிட்டு, மக்கள் நெஞ்சுருகினார்கள் என்று எனக்குப் பாடம் எடுக்கிறீர்கள். வழிபாட்டில் கிராமபோன், டேப் ரெக்கார்டர் போன்ற கருவிகளை இசைக்கக் கூடாது என்று 1958இல் வந்த உரோமை அறிவுறுத்தல் தெளிவாகவே சொன்னது. அதில் ப்ளூடூத் என்ற பெயர் இல்லை என்று வாதாடுபவர்களும் வருவார்கள், வரட்டும்.

‘லத்தீன் பைத்தியம்’ என்று ஒரு சகோதரர் எழுதியிருந்தார். என் பதிவில் லத்தீன் என்ற சொல்லே இல்லை. தமிழில் பாடுங்கள், ஆனால் பாடுங்கள் என்றுதான் கேட்டேன். இருந்தாலும் பேச்சை எடுத்துவிட்டார்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். திருவழிபாட்டைச் சீர்திருத்தி, தாய்மொழிக்குக் கதவைத் திறந்துவிட்ட, உலக ஆயர்களின் கூட்டமான இரண்டாம் வத்திக்கான் சங்கம்தான், 1963ஆம் ஆண்டின் அதே ஏட்டில், தாளக்கட்டின்றிப் பாடும் பழைய லத்தீன் பாட்டு முறையான கிரகோரியன் பண்ணுக்கு உரோமை வழிபாட்டில் முதன்மை இடம் தர வேண்டும் என்றும், மக்கள் தங்களுக்குரிய பகுதிகளை லத்தீனிலும் சேர்ந்து பாடக் கற்றிருக்க வேண்டும் என்றும் எழுதிவைத்தது. திருத்தந்தை ஆறாம் பவுல் 1974இல் எளிய பண்களைத் தொகுத்து ஒரு சிறு புத்தகமாகவே உலகெங்கும் உள்ள ஆயர்களுக்கு அனுப்பினார். ஆறாம் பவுலும் பைத்தியமா? சங்கத்தின் பெயரால் என் வாயை அடைக்க வருபவர்கள், சங்கம் எழுதியதை ஒருமுறை புரட்டிவிட்டு வந்தால் நன்றாக இருக்கும்.

‘புரியாத மொழியில் யாருக்காகப் பாடுவது?’ என்று கேட்கிறார்கள். என் தாத்தா நெல்லைச் சீமையில் ஒரு சிற்றூரில், ஊராருக்கு மறைக்கல்வி சொல்லித்தரும் உபதேசியாராக இருந்தவர். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். கோடு போட்ட நோட்டில் ‘விக்திமே பஸ்காலி லௌதேஸ்’ என்ற லத்தீன் உயிர்ப்புப் பாடலைத் தமிழ் எழுத்தில் எழுதி, ஒவ்வொரு அடியின் கீழும் பென்சிலால் தமிழில் பொருள் குறித்து வைத்திருந்தார். குரலை எங்கே ஏற்ற வேண்டும் என்பதற்குச் சின்னச் சின்னக் கோடுகள். உயிர்ப்பு ஞாயிறன்று நற்செய்தி வாசகத்துக்கு முன் பாடும் அந்தத் தொடர்பாடலில், “மரியாவே, வழியில் நீ கண்டது என்ன, சொல்” என்ற கேள்வியை ஆண்களும், கல்லறையைக் கண்டேன் என்ற மறுமொழியைப் பெண்களும் பாடும்படி அவர் பழக்கியிருந்தார் என்று என் அத்தை இன்றும் சொல்லுவார். சொல்வதோடு நிற்காமல் பாடியும் காட்டுவார். வயலில் களை பறித்த பெண்களுக்கு ஏறிய பாட்டு, பட்டம் வாங்கிய நமக்குப் புரியாது என்றால் குறை பாட்டில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பழையதெல்லாம் திரும்ப வேண்டும் என்று நான் சொல்வதாகவும் குற்றச்சாட்டு. தாத்தா காலத்தில், திருவிழிப்பு என்ற இந்தப் பெரிய சனிக்கிழமை வழிபாடு காலையிலேயே, நல்ல வெயிலில், பாதி காலியான கோவிலில் நடந்து முடிந்துவிடும். திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர்தான் அதை 1951இல் சோதனையாகவும் 1955இன் ஆணையால் முழுமையாகவும் இரவுக்கு மீட்டுத் தந்தார். அந்த மாற்றத்தை நான் இரு கை கூப்பி ஏற்கிறேன். இருட்டை அவர் மீட்டுத் தந்ததே அந்த இருட்டில் ஒரு திரியும் ஒரு குரலும் போதும் என்பதற்காகத்தானே? அதற்குள் லேசர் விளக்கைக் கொண்டுவந்தவர் யார்?

வழிபாட்டை அந்தந்த மண்ணின் பண்பாட்டோடு இணைக்கும் ‘பண்பாட்டுமயமாதல்’ என்ற பெரிய சொல்லையும் என்மேல் வீசியிருக்கிறார்கள். மகிழ்ச்சி. தமிழ்ப் பண்பாடு என்றால் எனக்கு விருத்தம் நினைவுக்கு வருகிறது. தாளம் ஒதுங்கி நிற்க, சொல்லின் மூச்சுக்கு ஏற்பக் குரல் நீண்டு குறைந்து போகும் அந்த முறைக்கும் புகழுரையின் பண்ணுக்கும் இருக்கும் உறவு எந்த ஓதுவாருக்கும் கேட்ட மாத்திரத்தில் விளங்கும். ஆதலால் பண்பாட்டின் பெயரால் நீங்கள் விருத்தம் கேட்டிருந்தால் முதல் ஆளாக வந்து அமர்ந்திருப்பேன். நீங்கள் கேட்டது சினிமா மெட்டு. அதற்குப் பண்பாடு என்று பெயர் சூட்டுகிறீர்கள்.

இளைஞர்கள் வரமாட்டார்கள் என்பது அடுத்த வாதம். வந்த இளைஞர்கள் ட்ராக் ஓடியபோது வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான் அதற்குப் பதில்.

பெருவிழா என்றால் சத்தம்தான் என்று நமக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை. உயிர்ப்பு ஞாயிறு காலைத் திருப்பலியின் தொடக்கத்தில் பாடும் வருகைப் பண்ணான ‘ரெசுரெக்ஸி’யை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். உயிர்த்தெழுந்தேன், இன்னும் உம்முடனே இருக்கிறேன் என்று மகன் தந்தையிடம் பேசுவதுபோல் கிரகோரியன் இசையின் எட்டு ராக முறைகளில் நான்காவதில், சில சுரங்களுக்குள்ளேயே அடங்கி நகரும். ஆண்டின் தலையாய விழாவைத் திருச்சபை அப்படித் தொடங்கியது. நம் வாத்தியக் குழுவோ, ஏழு பழைய ஏற்பாட்டு வாசகங்களை மூன்றாகக் குறைத்து மிச்சம் பிடித்த நேரத்தை ‘உன்னதங்களிலே’ என்ற புகழ்ப்பாடலுக்கு முந்திய அதிரடி இசைக்குக் கொடுத்தது. மூன்றுக்குக் கீழே போகக் கூடாது, இஸ்ரயேலர் செங்கடலைக் கடந்த வாசகத்தை விடவே கூடாது என்று விதி இருப்பதால் அந்த மூன்றும் தப்பின.

இவ்வளவும் சொன்னதற்கு எனக்குக் கிடைத்த பரிசு, பாடகர் குழுவின் வாட்ஸாப்பிலிருந்து நீக்கம். கொரோனாக் காலத்தில் ஆளில்லாக் கோவிலில் ஒலிவாங்கி முன் தனியாக நின்று பாடியபோது நான் வேண்டியவனாக இருந்தேன். அப்போது யாரும் என்னை லத்தீன் பைத்தியம் என்று அழைக்கவில்லை. ‘அண்ணே, உங்க குரல்தான் வேணும்’ என்றார்கள். குரல் அதேதான். தொண்டையில் அப்போது இல்லாத சளி இப்போது கொஞ்சம் இருக்கலாம்.

தூய ஆவியின் பெருவிழாவான பெந்தகோஸ்தே வருகிறது. அன்றும் ஒரு தொடர்பாடல் உண்டு, உயிர்ப்பு ஞாயிறுக்கு உரியதைப் போலவே அதையும் விட்டுவிட அனுமதி இல்லை. தமிழில் பாடினாலும் சரி, லத்தீனில் பாடினாலும் சரி, பழகிக்கொள்ள நாள் இருக்கிறது. தாத்தாவின் நோட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது, வேண்டுபவர்களுக்கு நகல் எடுத்துத் தருவேன். என்னைத் திரும்பக் குழுவில் சேர்க்க வேண்டிய அவசியமில்லை. வீடு கோவிலுக்குப் பின் தெருவில்தான், வழி எல்லோருக்கும் தெரியும்.