எண்ணிக்கையைப் பார்க்காமல் விடுவித்த நிரல்வரி

ரஸ்ட் நிரல்மொழிக்கு மாறினால் கருனலின், அதாவது இயங்குதள மையக்கருவின், நினைவகப் பிழைகள் ஒழிந்துவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள் அண்ணா. புதிதாக எழுதும் பகுதிக்குப் பெரும்பாலும் சரி. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற சி மொழி நிரலை யார் பார்ப்பது?

லினக்ஸில் இருந்த டிசிசிபி என்ற வலைப்பின்னல் நெறிமுறைப் பகுதியில், ஆய்வாளர் ஆண்ட்ரே கொனோவலோவ் சிஸ்காலர் என்ற தானியங்கிச் சோதனைக் கருவியால் பிடித்த பிழையையே எடுங்கள். 2005இலிருந்து கிடந்தது, 2017இல்தான் திருத்தினார்கள். ஐபிவி6 இணைய நெறிமுறையின் தெரிவு ஒன்று போட்டிருந்தால், வந்த தரவுப் பொட்டலம் நினைவகத்தில் இருக்கும் இடத்தைக் கருனல் குறித்து வைத்து, அதை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற எண்ணிக்கையை ஒன்று கூட்டும். ஆனால் இன்னொரு வரி அந்த எண்ணிக்கையைப் பார்க்காமலே பொட்டலம் இருந்த நினைவகத்தை விடுவித்துவிட்டது. வன்னியில் ஆள் குடியிருக்கிற காணியை வெறுங்காணி என்று வேறொருவருக்கு எழுதிக் கொடுத்தால் என்ன நடக்கும்? அதேதான். திருத்தமோ சின்னது: எண்ணிக்கையை மதித்து விடுவிக்கும் செயற்கூறை அழைப்பது.

கிளிநொச்சியில் நான் படிப்பிக்கும் பிள்ளைகளுக்குக் காசான் என்ற, கருனலின் நினைவகப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் கருவியின் அறிக்கையைத்தான் முதலில் காட்டுவேன். நினைவகம் எங்கே ஒதுக்கப்பட்டது, எங்கே விடுவிக்கப்பட்டது, அதற்குப் பிறகு எங்கே தொடப்பட்டது என்று மூன்று தடமும் அதில் இருக்கும். பிள்ளைகள் உடனே மூன்றாவது இடத்துக்கு ஓடிப்போய் ஒரு நிபந்தனை போட்டு அடைக்கப் பார்ப்பார்கள். இந்தப் பிழையில் கோளாறு இரண்டாவதில் இருந்தது. அதைக் கண்டுபிடிக்கிற நேரம் அவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும்!

அப்புறம் அண்ணா, காசானைப் பற்றித் தமிழில் விரிவாக ஒரு கட்டுரை எழுதுங்கள். இங்கே வாசிக்க ஆட்கள் இருக்கிறோம்.