பரங்கிமலை எரிமலை அல்ல

"பரங்கிமலை அணைந்துபோன எரிமலை, அடியில் தங்கக் குழம்பு கிடக்கிறது" என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. எங்கள் அபார்ட்மென்ட் குழுவிலேயே மூன்று முறை வந்துவிட்டது. தவறு.

அந்த மலை சார்னோகைட். பூமியின் ஆழத்தில், கடும் வெப்பத்தில் உருவான பாறை. புதிதாக உடைத்த கல்லைப் பாருங்கள்: எண்ணெய் தடவியது போன்ற நீலச் சாம்பல் நிறம். இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தின் தேசியப் புவியியல் நினைவுச்சின்னப் பட்டியலில் இது இருக்கிறது, சரிபார்த்துக்கொள்ளலாம்.

சரி, எரிமலைக்கும் உலோகத்துக்கும் தொடர்பே இல்லையா? உண்டு. கடல்தட்டு (கடலுக்கு அடியிலுள்ள பூமி ஓட்டின் பெரும் துண்டு) இன்னொரு தட்டுக்கு அடியில் நுழையும் இடங்களில், அதிலிருந்து வெளியேறும் நீர் மேலேயுள்ள மேன்டிலை, அதாவது பூமி ஓட்டுக்குக் கீழேயுள்ள பாறை அடுக்கை, உருகவைக்கிறது. அந்த உருகிய பாறைக் குழம்பு (மாக்மா) ஏறி ஆறும்போது குளோரினும் கந்தகமும் கலந்த கொதிக்கும் உப்புநீர் பிரிகிறது. செம்பையும் தங்கத்தையும் சுமந்துபோய், சில கிலோமீட்டர் ஆழத்தில் பாறை விரிசல்களில் படியவிடுவது அதுதான். சிலியின் எல் டெனியன்டே செம்புச் சுரங்கம் அப்படி வந்தது. தங்கம் குழம்பாகத் தேங்கி நிற்பதில்லை. டன் கணக்கில் பாறையை அரைத்தால் கிராம் கணக்கில் கிடைக்கும், அவ்வளவுதான். நம் நாட்டில் அந்த வகை எரிமலை அந்தமானின் பாரன் தீவில் இருக்கிறது, கிண்டி பக்கத்தில் இல்லை.

அந்தத் தகவல் உங்களுக்கு வந்தால், தயவுசெய்து ஃபார்வர்ட் செய்யாதீர்கள். அனுப்பியவருக்கு இதைக் காட்டுங்கள்.