தலையில் பட்ட அடிக்கு இரண்டு நிமிடம் போதாது

ரங்கூனில் நம் வீடுகளில் அடிக்கடி காதில் விழுகிற பேச்சு இது: "ஜியு-ஜிட்சு எல்லாம் வேண்டாம்ப்பா, கையைக் காலை முறிச்சுடுவாங்க. லெத்வேன்னா சரி, நாலு அடி வாங்கினாத்தான் உடம்பு உறுதிப்படும்." தாம்வேயிலும் கேட்டிருக்கிறேன், தகேத்தாவிலும் கேட்டிருக்கிறேன். ஜியு-ஜிட்சு ஆளைப் பிடித்து மடக்குகிற சண்டை, லெத்வே பர்மியக் குத்துச்சண்டை. பிள்ளை மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் எது உடம்பைக் கெடுக்கும், எது தேறும் என்ற கணக்கு இதில் தலைகீழாக இருக்கிறது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

லெத்வே மேல் எனக்கு உயிர். கையுறை கிடையாது, காஸ் துணியும் டேப்பும்தான். குத்து, உதை, முழங்கை, முழங்கால், போதாததற்குத் தலையால் முட்டுவதும் உண்டு. சண்டைக்கு முன்னால் ஒரு கையை மடக்கி மறு கையால் புஜத்தில் ஓங்கித் தட்டி எதிராளியைக் கூப்பிடுவார்களே, அந்தச் சத்தத்துக்கு இன்றும் எனக்கு மயிர்க்கூச்செறியும். ஜிம்மில் பையன்களுக்குக் கை கட்டிவிடுவது நான்தான். அதனால் அவர்களுடைய காயங்களை முதலில் பார்ப்பதும் பெரும்பாலும் நான்தான்.

பயிற்சி முடிந்து கட்டைப் பிரிக்கும்போது சுண்டு விரல் முட்டிக்குக் கீழே புறங்கை வீங்கியிருக்கும். லேசாகத் தொட்டாலே பையன் கையை இழுத்துக்கொள்வான். "விரலை மெதுவா மடக்கு தம்பி" என்பேன். சுண்டு விரல் நேராக மடங்காமல் பக்கத்து விரல் மேல் ஏறிப் படுத்தால் எலும்பு விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். எக்ஸ்ரே, மாவுக்கட்டு, சில வாரம் ஓய்வு. வலிக்கிறது, வீங்குகிறது, கண்ணுக்குத் தெரிகிறது. வீட்டிலும் அம்மா பார்த்துவிடுவார். ஆகவே ஓய்வு தானாகக் கிடைத்துவிடுகிறது.

ஜியு-ஜிட்சு போன்ற பிடிச் சண்டைகளில் வருகிற காயங்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். அவை சின்னக் காயம் என்று நான் சொல்லவில்லை. முழங்கால் உள்ளே இருக்கிற ஏ.சி.எல். தசைநார் அறுந்து ஆபரேஷன் செய்தால், களத்துக்குத் திரும்ப 9 மாதமாவது பிடிக்கும். குதிகாலைப் பிடித்து முறுக்குகிற பிடி இன்னும் மோசம். வலி தெரிவதற்குள் முழங்கால் போய்விடும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அதைத் தடை செய்வதுதான் நியாயம். காது கசங்கி உள்ளே ரத்தம் கட்டினால், உடனே எடுக்காவிட்டால் அப்படியே கெட்டிப்பட்டு நின்றுவிடும். அப்புறம் நம் ஊர் மழை. மே முதல் அக்டோபர் வரை பாய் எங்கே காய்கிறது? ஒருவனுக்குப் படர்தாமரை வந்தால் ஒரே வாரத்தில் பாதி ஜிம் சொறிந்துகொண்டிருக்கும். பாயை மருந்து போட்டுத் துடைப்பதும், பயிற்சி முடிந்த கையோடு குளிப்பதும் அங்கே பாடத்தில் பாதி.

இருந்தாலும் பிடிச் சண்டையில் ஒரு பெரிய காப்பு இருக்கிறது. முடியவில்லை என்றால் கையால் தட்டு, எதிராளி விட்டுவிடுவான். நாளைக்கு முழங்கை வேலை செய்யுமா செய்யாதா என்பது பெரும்பாலும் உன் கையிலேயே இருக்கிறது. குத்து விழுகிற வேகத்தில் தட்டுவதற்கு யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை.

கழுத்தை இறுக்குவதுதான் பெற்றவர்களை அதிகம் பயமுறுத்துகிறது. கழுத்தின் இரு பக்கமும் மூளைக்குப் போகிற ரத்தக் குழாய் அமுங்கினால் சுமார் 10 விநாடியில் மயக்கம் வரும். விட்டதும் பெரும்பாலும் சில விநாடிகளில் கண் விழித்துவிடுவான். அதிலும் ஆபத்து உண்டு. அரிதாக ரத்தக் குழாயின் உள்சுவர் கிழியலாம், ஆகவே தட்டாமல் முரண்டு பிடிப்பதை எந்த நல்ல ஆசானும் ரசிக்க மாட்டார். தாடையில் குத்து வாங்கி விழுகிறவனும் பார்ப்பதற்கு அதே மாதிரிதான் கிடப்பான். ஆனால் உள்ளே நடந்தது வேறு. தலை சட்டென்று திரும்பும்போது மண்டைக்குள் மூளை முறுகி, நரம்பு இழைகள் இழுபடுகின்றன. அந்த உயிரணுக்களின் ரசாயனக் கணக்கே குலைந்துபோகிறது. கண் விழித்து எழுந்து நின்றாலும் அது சீராக நாள் கணக்கில், சிலருக்கு வாரக் கணக்கில் ஆகும். பிள்ளைகளுக்குப் பெரியவர்களைவிட இன்னும் தாமதமாகும்.

இதனால்தான் லெத்வேயின் இரண்டு நிமிட விதி என்னை உறுத்துகிறது. பாரம்பரிய விதிப்படி, விழுந்தவனுக்கு அவன் பக்கத்து ஆட்கள் ஒரு தடவை இரண்டு நிமிடம் கேட்கலாம், கடைசிச் சுற்றில் மட்டும் முடியாது. தண்ணீர் ஊற்றி, ஐஸ் வைத்து, கன்னத்தில் தட்டி எழுப்பி மறுபடி அனுப்புவார்கள். கூட்டம் எழுந்து நின்று கை தட்டும். அந்தப் பையனுடைய நெஞ்சுரத்துக்கு நானும் தலை வணங்குகிறேன். ஆனால் பல நாள் ஓய்வு தேவைப்படுகிற மூளையை இரண்டு நிமிடத்தில் திரும்ப அடிக்கு அனுப்புகிறோம். முதல் அடி ஆறுவதற்குள் விழுகிற இரண்டாவது அடியில் மூளை வீங்கி இளவயதினர் இறந்திருக்கிறார்கள் என்பது மருத்துவ உலகம் அறிந்த விஷயம்.

"பாரம்பரியத்தில் கை வைக்காதே" என்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1952 ஒலிம்பிக்கில் குத்துச்சண்டையில் கலந்துகொண்ட ஜா பா நியெய்ன்தான் பிற்பாடு லெத்வேக்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தார். அதற்கு முன் மணல் குழியில் நடந்த சண்டை இது. அவர் மாற்றினார், லெத்வே அழியவில்லை, வளர்ந்தது. 2017-இல் தொடங்கிய உலக லெத்வே சாம்பியன்ஷிப் போட்டிகளில் இரண்டு நிமிட இடைவேளை இல்லை. தலையால் முட்டுவது இருந்தது, வெறுங்கை இருந்தது, பார்க்க ஆளும் வந்தார்கள். அப்படியிருக்க, கயின், மோன் மாநிலப் பக்கத்துப் பகோடா திருவிழா மேடைகளில், டாக்டர் இருக்கிறாரா என்றே தெரியாத இடங்களில், அந்த விதி எதற்கு?

மேடையைவிட எனக்குப் பெரிய கவலை தினசரிப் பயிற்சிதான். மேடை எப்போதோ வருவது. சாயங்கால ஸ்பாரிங், அதாவது ஜோடியாக நின்று அடித்துப் பழகுவது, வாராவாரம் நடப்பது. மயக்கம் போடாத, சின்னச் சின்ன அடிகளும் வருடக் கணக்கில் சேர்ந்தால் மூளையைத் தேய்க்கின்றன. குத்துச்சண்டைக்காரர்களிடம் இதை மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் 1928-லேயே எழுதிவிட்டார். அந்த நோயை இன்றுவரை உறுதியாகச் சொல்ல முடிவது இறந்த பிறகு மூளையைச் சோதித்துத்தான். தலைக்கவசம் போட்டால் போதும் என்றும் நினைக்காதீர்கள். நெற்றி கிழியாமல் காக்கும், மூளை குலுங்குவதை நிறுத்தாது.

மூளைக்கு வலிக்காது. இதுதான் எல்லாத் தொல்லைக்கும் காரணம். முழங்கால் போனவன் நொண்டிக்கொண்டு வருவான், நானும் வீட்டுக்குப் போ என்று சொல்லிவிடுவேன். தலையில் வாங்கியவன் மூன்றாம் நாள் சிரித்துக்கொண்டே வந்து "நான் நல்லாத்தாண்ணே இருக்கேன், கையைக் கட்டுங்க" என்பான். அவன் பொய் சொல்லவில்லை, அவனுக்கு அப்படித்தான் தெரிகிறது. அதனால் அவனைக் கேட்டு முடிவு செய்யக்கூடாது, தேதியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். பல நாட்டுக் குத்துச்சண்டை ஆணையங்கள் நாக்அவுட் ஆனவனைக் குறைந்தது 30 நாள், நினைவு தப்பியிருந்தால் 60, 90 நாள் என்று விலக்கி வைக்கின்றன. பெரிய கருவி எதுவும் இல்லாத ஜிம்மிலும் இதைச் செய்ய ஒரு நாள்காட்டி போதும். எங்கள் சுவரில் ஒன்று தொங்குகிறது. விழுந்தவன் பெயர் அதில் ஏறும், தேதி வரும்வரை அவனுக்கு ஸ்பாரிங் கிடையாது, எவ்வளவு கெஞ்சினாலும் சரி. பிடிச் சண்டையில் தூக்கிப் போடும்போது தலை தரையில் மோதியவனுக்கும் அதே விதிதான்.

பிள்ளையை லெத்வேக்கு அனுப்புங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். உதை, மிட்டு (ஆசான் கையில் பிடிக்கிற மெத்தையில் குத்துவது), கால் வேலை, மூச்சு என்று கற்றுக்கொள்ள எவ்வளவோ இருக்கிறது. பதினெட்டு வயதுவரை தலைக்கு அடி இல்லாமல் சொல்லித் தருகிறவரிடம் அனுப்புங்கள். சேர்க்கும்போதே ஆசானிடம் "இவன் தலையில் அடிபட்டு விழுந்தால் எத்தனை நாள் உட்கார வைப்பீர்கள்?" என்று கேளுங்கள். பதிலுக்குச் சிரித்தால் வேறு ஜிம் பாருங்கள்.

அக்டோபர் வாக்கில் வருகிற தடிஞ்சு பௌர்ணமி முடிந்து மழை விட்டதும் மேடைகள் மறுபடி ஆரம்பிக்கும். அடி வாங்கி வீட்டுக்கு வருகிற பையனுக்கு ஆஸ்பிரின், இபுபுரோஃபென் கொடுக்காதீர்கள், உள்ளே ரத்தம் கசிந்தால் அதிகமாகும். தலைவலிக்கு பாரசிட்டமால் போதும். முதல் ராத்திரி தனியாக விடாதீர்கள். தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு கண் பாப்பா பெரிதாகத் தெரிந்தாலோ, எழுப்பியும் சரியாக விழிக்காவிட்டாலோ, விடியட்டும் என்று இருக்க வேண்டாம். அப்போதே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.