நான்கு கப்பச்சினோவும் ஒரு டைமண்ட் அட்டையும்

கீழக்கரையில் ஒருவர் கப்பலேறினார் என்றால் சம்பாதிக்கப் போகிறார் என்றுதான் அர்த்தம். அப்படிப் போகிறவருக்கு எங்கள் பக்கம் சபராளி என்று பெயர். வாப்பா ஐம்பதுகளில் நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ ஏறிப் பினாங்கு போனார்கள். டெக் டிக்கெட். மேல்தளத்தில் பாய் விரித்து, தலைமாட்டில் டிரங்குப் பெட்டி வைத்து, வாந்திக்கும் வெயிலுக்கும் நடுவே ஒரு வாரம். அவர்கள் பெற்ற பிள்ளை நான், சாப்பிட்டுத் தூங்குவதற்காகக் கப்பலேறுகிறேன். முதல் தடவை போய் வந்து உம்மாவிடம் சொன்னபோது, “சிங்கப்பூர்ல ஏறி சிங்கப்பூர்லயே எறங்குறதுக்கு எதுக்கு வாப்பா காசு குடுக்கணும்?” என்று கேட்டார்கள். பதினொரு வருடமாகப் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இந்தப் பதிவுக்குக் காரணம், போன பயணத்துக்கு முந்தின பயணத்தோடு எனக்கு ராயல் கரீபியன் என்ற உல்லாசக் கப்பல் நிறுவனத்தில் 80 பாயிண்ட் முடிந்து டைமண்ட் ஆகிவிட்டது. மகன் அதைக் குடும்ப வாட்ஸப்பில் போட்டுவிட்டான். அன்றிலிருந்து, “டைமண்டாமே, மோதிரமா கம்மலா?” என்று ஒரு கூட்டம், “அப்ப இனிமே டிக்கெட் ஃப்ரீயா?” என்று இன்னொரு கூட்டம். இரண்டும் இல்லை. என்ன கிடைக்கும், அதற்கு என்ன மதிப்பு என்று ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் பள்ளிவாசல் வாசலில் நின்று விளக்க வேண்டியதில்லை.

கணக்கு இதுதான். ஓர் இரவு தங்கினால் ஒரு பாயிண்ட். சூட் என்கிற பெரிய அறை எடுத்தால் இரண்டு. மூன்றில் கோல்ட், 30-ல் பிளாட்டினம், 55-ல் எமரால்ட், 80-ல் டைமண்ட், 175-ல் டைமண்ட் பிளஸ், 700-ல் பினக்கிள். சிங்கப்பூரிலிருந்து நான் போவது பெரும்பாலும் மூன்று, நான்கு இரவுப் பயணங்கள். நான்கு இரவாகவே போனால் பினக்கிளைத் தொட 175 தடவை போக வேண்டும். அதற்குள் உயிரெடுக்க வருகிற மலக்குல் மவுத் என் கேபின் கதவைத் தட்டிவிடுவார்.

சரி, டைமண்டில் எல்லாரும் கொண்டாடுவது எதை? தினமும் நான்கு பானங்கள் இலவசம். கப்பல்காரர்கள் கூடும் இடத்திலெல்லாம் இதே பேச்சுதான். ஒரு காக்டெயில் இத்தனை டாலர், ஒரு நாளைக்கு நான்கு, ஏழு நாளைக்கு இருபத்தெட்டு என்று பெருக்கிக் காட்டுவார்கள். அந்தப் பெருக்கலில் நான் எங்கே நிற்கிறேன்? காபி, ஜூஸ், கோலா எல்லாவற்றுக்கும் அந்த வவுச்சர் செல்லும், அதை மறைக்கக் கூடாது. டைமண்டாகப் போன பயணத்தில், முதல் நாள் ஆசையில் நான்கையும் கப்பச்சினோவாக வாங்கிக் குடித்தேன். இரவு இரண்டரை மணிக்குக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு மலாக்கா நீரிணையை எண்ணிக்கொண்டிருந்தேன். மனைவி, “எம்பது ராத்திரி தங்கி வாங்குனது இந்தத் தூக்கம் போறதுக்கா?” என்றாள்.

இதைத்தான் கொஞ்சம் விரித்துச் சொல்ல வருகிறேன். இந்தச் சலுகைகளெல்லாம் ஒரு குறிப்பிட்ட ஆளை மனதில் வைத்துத் தைத்த சட்டை. அந்த ஆள் குடிப்பார், சூதாடுவார், ஒவ்வொரு இரவும் கூடுதல் காசு கொடுத்து ஸ்டேக் சாப்பிடுவார். குடிக்காத, ஹலால் பார்க்கிற, பத்து மணிக்குத் தூங்குகிற ராமநாதபுரத்து ஆளுக்கு அந்தச் சட்டை தோளில் நிற்காது. மொத்தமாகக் காசு கட்டிக் குடிக்கிற மது பேக்கேஜையே பாருங்கள். ஒரே கேபினில் இருக்கும் பெரியவர்களில் ஒருவர் வாங்கினால் மற்றவரும் வாங்கியாக வேண்டும் என்பது விதி.  நாம் அதைத் தொடாமலே போனால் நமக்கு மிச்சம்தான். ஆனால் மிச்சம் பிடிப்பதற்கு எந்த நிறுவனமும் அட்டை தருவதில்லை.

சலுகைகளில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு, அது வேறு நிறுவனத்தில். பிரின்சஸில் எலைட் என்ற படியை எட்டினால் துணி துவைத்துத் தேய்த்துத் தருவது இலவசம். நாங்கள் அங்கே அந்தப் படியில் இல்லை, எட்டப் போவதுமில்லை. கேள்விப்பட்டதும் என் வீட்டில், “இதுதான்யா சலுகை” என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். கப்பலிலிருந்து இறங்கும்போது அழுக்குத் துணி மூட்டையோடு இறங்குகிற எந்தப் பெண்ணும் இதைத்தான் சொல்வாள்.

லவுஞ்ச் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கப்பலில் (பெயர் வேண்டாம்) மேல்படி உறுப்பினர்களுக்கென்று தனி லவுஞ்ச், மாலை ஐந்து மணிக்குத் திறக்கும். போனேன். ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூடு விழாக் கூட்டம் கெட்டது. அட்டைக்காரர்கள் அத்தனை பேர், நாற்காலிகள் பாதிக்கும் குறைவு. தட்டில் நான்கு ஆலிவ் காயை வைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றேன். வெளியே எல்லாருக்கும் பொதுவான தளத்தில் காலி நாற்காலி வரிசையாகக் கிடந்தது, கடலும் தெரிந்தது.

இனி சாப்பாடு. இங்கே நான் சுருக்கமாக எழுதுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கப்பலில் மூன்று விதமாகச் சாப்பிடலாம். பஃபே, மெயின் டைனிங் ரூம், கூடுதல் காசு கேட்கிற தனி உணவகங்கள். மூன்றாவதைப் பற்றி எனக்கு அபிப்பிராயமே இல்லை. அங்கே இருப்பது பெரும்பாலும் இறைச்சி, அது நமக்கு ஆகாது. பஃபேக்குக் காலை ஏழு மணிக்குள் போய்விட வேண்டும், மதியம் பன்னிரண்டரைக்குப் போகவே கூடாது. மெயின் டைனிங்கில்தான் கப்பலின் உயிர் இருக்கிறது என்பது என் கட்சி. அதிலும் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்கிற முறை வேண்டாம், தினமும் ஒரே நேரம், ஒரே மேசை, ஒரே வெயிட்டர் என்கிற பழைய முறையைக் கேட்டு வாங்குங்கள். இளைஞர்கள் சிரிப்பார்கள், “மாமா, அது பழைய பஞ்சாங்கம்” என்பார்கள். பரவாயில்லை. முதல் இரவே தலைமை வெயிட்டரிடம், மீனும் காய்கறியும் மட்டும், மதுவோ பன்றிக் கொழுப்போ சேர்ந்தது வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். மறுநாள் மெனுவை அன்றைக்கே கொண்டு வந்து காட்டி, எதை எப்படிச் செய்யட்டும் என்று கேட்பார்கள். இந்திய சாப்பாடும் கேட்டால் செய்வார்கள். மெனுவில் இல்லையே என்று வாய் மூடி இருந்தால் கடைசி வரை பாஸ்தாதான்.

ஒரு தடவை இரண்டாம் நாள் இரவு, பரிமாற உதவியாக இருந்த பையன் நாங்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு, “ஐயா, ஊர் எது?” என்று தமிழில் கேட்டான். கீழக்கரை என்றேன். அவன் மணப்பாடு. ஐந்து நிமிடம் கடல், காற்று, வாடை, கச்சான் என்று பேசிவிட்டுப் போனான். மறுநாள் என் முன்னால் வெள்ளைச் சோறும் மிளகு ரசமும் வந்தது. சமையலறையில் யாரிடம் சொன்னானோ, எப்படிக் கெஞ்சினானோ தெரியாது. அந்த நிறுவனத்தில் அது எனக்கு முதல் பயணம். என் பெயருக்கு நேரே பாயிண்ட் பூஜ்யம்.

மீன் விஷயத்தில் மட்டும் எங்களைத் திருப்திப்படுத்துவது கஷ்டம். 1947-ல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையிடம் பல வருடம் எங்கள் மாவட்டத்து மண்டபம் ஊரில்தான் இருந்தது, ஆகவே கொஞ்சம் திமிர் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். மெனுவில் ‘பாரமுண்டி’ என்று பார்த்து என்னவோ ஏதோ என்று வரவழைத்தால் நம் கொடுவா. தோல் மொறுமொறுவென்று, உள்ளே உப்புகூட இல்லாமல், மேலே எலுமிச்சைத் துண்டோடு நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். நீளமான பயணங்களில் லாப்ஸ்டர் இரவு என்று ஒன்று வரும், ஊரே உடுத்திக்கொண்டு வந்து படமெடுக்கும். மண்டபம் பக்கம் வலையில் விழுகிற சிங்கி இறாலுக்கு அது ஒன்றுவிட்ட தம்பி, பனிப்பெட்டியிலிருந்து எழுந்து வந்தவன். சாப்பிடலாம். ஆனால் கைதட்ட மாட்டேன்.

ஹலால் பற்றிக் கேட்பவர்களுக்கு: சிங்கப்பூரிலிருந்து புறப்படும் ‘கெண்டிங் ட்ரீம்’ கப்பலில் ஹலால் சான்று பெற்ற சமையலறையும் இந்திய சைவ உணவும் உண்டு. உம்மா மாதிரி வயதானவர்களை அழைத்துப் போவதென்றால் நான் அதைத்தான் சொல்வேன். இன்னொரு தகவல், யாரும் எழுதாதது: கேபின் டிவியில் கப்பல் எந்தத் திசையில் போகிறது என்று வரைபடம் ஓடும். தொழும் திசையான கிப்லா பார்க்க அது போதும், தொழுகைக்கு நிற்குமுன் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அஸருக்கு இருந்த திசை மஃரிபுக்கு இருக்காது.

அந்தக் கப்பலின் கதையே அட்டை சேர்ப்பவர்களுக்கு ஒரு பாடம். அது ட்ரீம் குரூஸ் என்ற நிறுவனத்தில் ஓடியது. தாய் நிறுவனமான கெண்டிங் ஹாங்காங் 2022 ஜனவரியில் கலைப்பு மனு போட்டது. அதே வருடம் ஜூனில் அதே கப்பல், ரிசார்ட்ஸ் வேர்ல்ட் குரூஸ் என்ற பெயரில் சிங்கப்பூரில் வந்து நின்றது. பழைய ட்ரீம் குரூஸுக்காக ஜெர்மனியில் பாதி கட்டிய நிலையில் நின்ற இன்னொரு ராட்சதக் கப்பலை டிஸ்னி வாங்கிக்கொண்டது. கார்னிவல் என்ற நிறுவனத்தில் வேறு கதை. 2026 ஜூன் முதல் எத்தனை இரவு தங்கினாய் என்பதை விட்டுவிட்டு எவ்வளவு செலவழித்தாய் என்று கணக்குப் பார்க்கப் போவதாக முந்திய வருடமே அறிவித்துவிட்டார்கள். விதியை எழுதுகிற பேனா அவர்கள் கையில் இருக்கிறது. இது தெரிந்தும் நான் என்ன செய்தேன்? எமரால்டிலிருந்து டைமண்டுக்குப் போகக் கொஞ்சம் பாயிண்ட் குறைகிறது என்பதற்காக, பினாங்கு, புக்கெட் வழித்தடத்தில் நான்காவது தடவையாகப் போனேன். அந்த டாக்சிக்காரர்களுக்கே என் முகம் பழகிவிட்டது.

கப்பலின் அளவு பற்றியும் சண்டை உண்டு. ‘ஐகான் ஆஃப் த சீஸ்’ 2024 ஜனவரியில் வந்தது. 248,663 டன், 20 தளங்கள், நெருக்கி ஏற்றினால் 7,600 பயணிகள். படம் பார்த்தேன், நீர்ச்சறுக்கு, அருவி, பூங்கா. கடலைத் தேடத்தான் வேண்டும். எனக்கு நடுத்தரக் கப்பல் போதும். சென்னையிலிருந்து ஓடிய கோர்டிலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ அந்த ஐகானில் ஐந்தில் ஒரு பங்கு. 1990-ல் கட்டியது, ராயல் கரீபியனில் ஓடத் தொடங்கிய கிழவி. தளம் கிரீச்சிடும், லிஃப்ட் யோசித்துத்தான் வரும். ஆனால் முன்னாலிருந்து பின்னால் வரை நடந்தால் மூச்சு வாங்காது, இரண்டாம் நாளே எல்லா முகமும் தெரிந்துவிடும். 2023 ஜூனில் அது காங்கேசன்துறைக்கும் போனது. எங்கள் வேடிக்கையைப் பாருங்கள்: ராமேஸ்வரத்துக்கு எதிரே கிடக்கிற யாழ்ப்பாணத்துக்குப் போக, ராமநாதபுரத்திலிருந்து ராத்திரி ரயிலில் வடக்கே சென்னை, அங்கிருந்து அந்தக் கப்பலில் தெற்கே போக வேண்டியிருந்தது.

அந்த ராத்திரி ரயிலுக்குப் பெயர் இன்னும் போட் மெயில்தான். 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு சென்னையில் வாங்கிய ஒரே டிக்கெட்டில் ரயில், தனுஷ்கோடியில் நீராவிக் கப்பல், தலைமன்னாரில் மறுபடி ரயில் என்று கொழும்பு வரை போனார்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போய்விட்டது. பெரிய கப்பல்களுக்கு எட்டு மீட்டர் ஆழமாவது வேண்டும், சேதுவின் மணல் திட்டில் சில இடத்தில் இடுப்பளவு தண்ணீர்கூட இல்லை. அதனால் சென்னையிலிருந்து கொச்சி போகிற கப்பல் இலங்கையைச் சுற்றித்தான் போகிறது. கப்பலோட்டிய சீதக்காதியின் ஊரில் நின்று பார்த்தால் வத்தையும் விசைப்படகும்தான் தெரியும்.

செலவில் மறக்கக் கூடாதது டிப்ஸ். ராயல் கரீபியனில் 2025 நிலவரப்படி சாதா கேபினுக்கு ஒருவருக்கு நாளைக்கு 18.50 டாலர் தானாகவே கணக்கில் ஏறும். கணவன் மனைவி, நான்கு இரவு என்றால் 148 டாலர், பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். சிலர் கவுண்டரில் போய் அதை நீக்கச் சொல்லுவார்கள். மணப்பாட்டுப் பையனை நினைத்துக்கொண்டு, தயவுசெய்து செய்யாதீர்கள்.

பிப்ரவரியில் அடுத்த பயணம். எனக்கு ஒரு பாயிண்ட்கூட இல்லாத நிறுவனம். வழித்தடம் பிடித்திருந்தது, மெயின் டைனிங்கில் ஒரே மேசை கிடைக்கும் என்றார்கள், பதிவு செய்துவிட்டேன். டைமண்ட் அட்டை அலமாரியில் இருக்கும். எங்கள் ஊர் இனிப்பான தொதல் இரண்டு கிலோவுக்குச் சொல்லியிருக்கிறேன், கடையிலேயே சீல் வைத்துத் தரச் சொல்லியாயிற்று. வீட்டுச் சாப்பாட்டைக் கப்பல் வாசலில் வாங்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள். ஒரு தடவை உம்மா கிண்டிக் கொடுத்த தொதலை அப்படித்தான் பறிகொடுத்தேன். அதை இன்றுவரை உம்மாவிடம் சொல்லவில்லை.