மூன்று நாளில் நிகோட்டின் போய்விடும். அதற்கப்புறம்தான் துணை வேண்டும்

எங்கள் அச்சகத்தில் வேலை செய்யும் தம்பி ஒருவர் சிகரெட்டை விட்டு இன்றோடு ஒன்பது நாள். நேற்று ராத்திரி அவர் மனைவி எனக்குப் போன் செய்து அழுதுவிட்டார். "மூணு நாள்ல எல்லாம் உடம்பை விட்டுப் போயிடும்னு சொன்னாங்களேண்ணா, இன்னும் ஏன் எல்லார்மேலயும் எரிஞ்சு விழறாரு? ஒளிஞ்சு பிடிக்கிறாரோ?"

அவர் பிடிக்கவில்லை. பகல் முழுக்க என் பக்கத்து மெஷினில்தான் நிற்கிறார்.

அந்த மூன்று நாள் கணக்கு பொய்யில்லை. புகையை இழுத்த 10, 20 விநாடிக்குள் நிகோட்டின் மூளைக்குப் போய்விடுகிறது. கரைவதும் அதே மாதிரி வேகம்தான். சுமார் இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் இருப்பது பாதியாகும், அடுத்த இரண்டு மணி நேரத்தில் அந்தப் பாதியிலும் பாதி. ராத்திரி 10 மணிக்குக் கடைசி சிகரெட் என்றால், காலை 6 மணிக்கு ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்குதான் மிச்சம். கண் விழித்ததும் பல்கூடத் தேய்க்காமல் கடைக்கு ஓடினோமே, அது இதனால்தான். கல்லீரல் நிகோட்டினில் பெரும்பங்கைக் கோட்டினின் என்ற பொருளாக மாற்றுகிறது. அது பாதியாகக் குறையவே 16 முதல் 20 மணி நேரம் ஆகும். புகை பிடிக்கிறாரா என்று பார்க்கும் பரிசோதனைகளில் கோட்டினினைத் தேடுவதும் அதனால்தான். கடைசியில் எல்லாம் சிறுநீரோடு போய்விடும்.

இதற்குப் போய், நிகோட்டினை வெளியேற்றும் பொடி என்று விற்பதை வாங்காதீர்கள். உங்கள் கல்லீரல் அந்த வேலையைக் காசு வாங்காமல் செய்துகொண்டிருக்கிறது.

என் அம்மா குடியாத்தத்தில் முப்பது வருஷம் பீடி சுற்றினார். மடியில் முறம், முறத்தில் இலையும் தூளும், விரலெல்லாம் அந்த வாசனை. ஒரு பீடியைக்கூட வாயில் வைத்ததில்லை. ஆனால் பீடி சுற்றுகிறவர்களின் சிறுநீரிலும் கோட்டினின் இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். தூள் மூச்சோடும் போகும், தோல் வழியாகவும் போகும். வடாற்காட்டில் எத்தனை வீட்டுத் திண்ணைகளில் இந்த வேலை நடந்தது! எங்கள் ஊரில் புகையிலையைப் பற்றிப் பேசினால் பிடிக்கிறவனை மட்டும் பேசி முடித்துவிட எனக்கு மனசு வராது.

சரி, அந்தத் தம்பிக்கு வருகிறேன். வருஷக்கணக்கில் நிகோட்டின் வந்து வந்து, மூளையில் அதைப் பிடித்துக்கொள்ளும் இடங்கள் வழக்கத்தைவிடப் பெருகிப்போயிருக்கும். நிகோட்டின் மூன்று நாளில் கிளம்பிவிட்டது. அந்த இடங்கள் காலியாக வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கின்றன. அவை பழைய நிலைக்கு வரச் சில வாரங்கள் ஆகும். எரிச்சல், தூக்கமின்மை, ஓயாத பசி, எதிலும் மனம் நிற்காமை, இதெல்லாம் இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு வாரத்தில்தான் மெல்ல அடங்கும். ஒன்பதாம் நாளில் கோபம் வருவது அவர் பிடிக்காமல் இருப்பதால்தான். பிடித்திருந்தால் சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பார். அந்தத் தங்கையிடம் இதைத்தான் சொன்னேன்.

யாரும் சொல்லாத இன்னொன்று, டீ. சிகரெட் புகை காஃபீனையும் உடம்பிலிருந்து சீக்கிரம் கரைத்துவிடும். புகையை விட்டதும் அது மெதுவாகக் கரையும். ஆனால் நாம் அதே ஐந்து டீயைக் குடிப்போம். கை நடுங்கும், படபடக்கும், தூக்கம் வராது. சிகரெட் இல்லாததால்தான் என்று நினைத்து மறுபடி கடைக்குப் போய்விடுவோம். நான் இரண்டாம் தடவை தோற்றது இப்படித்தான். மூன்றாம் தடவை டீயைப் பாதியாக்கினேன், தூக்கம் வந்தது.

அந்த மூன்றாம் தடவை, நான் விட்ட பத்தொன்பதாம் நாள் காட்பாடி ஸ்டேஷனுக்கு வெளியே அக்காவுக்காகக் காத்திருந்தேன். ரயில் தாமதம். என் ரத்தத்தில் அன்று துளி நிகோட்டின் இருந்திருக்காது. ஆனாலும் கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. காத்திருந்தால் ஒன்று, சாப்பிட்டால் ஒன்று என்று இருபது வருஷம் பழகிய கை அது. நல்லவேளை, அந்தத் தவிப்பு பெரும்பாலும் சில நிமிஷத்தில் தணிந்துவிடும். அன்று ஸ்டேஷன் வாசலின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்தேன்.

அதனால் "மனசு வைத்தால் முடியும்" என்று சும்மா சொல்கிறவர்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு. மனசு வைத்துத்தானே விட்டிருக்கிறார்? நிகோட்டின் சூயிங்கம் இருக்கிறது, 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என்று. யாருக்கு எது என்பதை டாக்டரிடம் கேளுங்கள். அதைச் சாதாரண சூயிங்கம் மாதிரி மென்றுகொண்டே இருக்கக் கூடாது. கொஞ்சம் மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வைக்கணும். டீ, காபி குடித்த கால் மணி நேரத்துக்குள் போட்டால் சரியாக ஏறாது. பேச ஆள் வேண்டுமென்றால் புகையிலையை விட உதவும் அரசு இலவச எண் 1800-11-2356.

இன்று டீ இடைவேளையில் அந்தத் தம்பி கடைப்பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். "வா, கோட்டை அகழிப் பக்கம் ஒரு சுற்றுப் போய்வரலாம்" என்றேன். பாதி வழிவரை வாயே திறக்கவில்லை. அப்புறம் பையனுக்குப் பள்ளியில் நாளைக்கு ஆண்டுவிழா என்றார். நாளைக்கும் வெளியே காத்திருக்க வேண்டியிருக்கும். நானும் கூடப் போகிறேன்.