பூதக்கண்ணாடி வைத்துத் தேடினால் எந்த கோல்தான் தேறும்?

2024 ஜூன் 11, தோஹா. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் கத்தாரை அவர்கள் ஊரிலேயே வைத்து 1-0 என்று இந்தியா முன்னிலையில் இருந்தது. சாங்டே அடித்த கோல். அப்படியே ஜெயித்திருந்தால் முதல் தடவையாக மூன்றாம் சுற்று. 73வது நிமிடத்தில் நம் கோல்கீப்பர் குர்ப்ரீத் தடுத்த பந்து கோட்டைத் தாண்டி வெளியே உருண்டு போனது. நம் ஆட்கள் கார்னர்தான் என்று நின்றுவிட்டார்கள். வெளியே போன பந்தை ஒரு கத்தார் வீரர் காலால் உள்ளே இழுத்துப் போட, யூசுஃப் அய்மன் அதை வலைக்குள் தட்ட, ரெஃப்ரி கோல் கொடுத்துவிட்டார். அந்தச் சுற்றில் வி.ஏ.ஆர். கிடையாது, அதாவது தனி அறையில் உட்கார்ந்து வீடியோ பார்த்து ரெஃப்ரியின் தவறைச் சுட்டிக்காட்டுகிற உதவி நடுவர் இல்லை. கடைசியில் 2-1 என்று தோற்று வெளியே வந்தோம். ரீப்ளேயை ஒரே ஒரு தடவை பார்த்த யாருக்கும் சந்தேகமே வந்திருக்காது.

இதை முதலிலேயே சொல்லக் காரணம், ‘வி.ஏ.ஆரைத் தூக்கிக் கடலில் போடுங்கள், பழைய காலம்தான் சொர்க்கம்’ என்று எழுதுகிற கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். பழைய காலம் அப்படியொன்றும் சொர்க்கம் இல்லை. 2009 நவம்பரில் பிரான்ஸின் தியரி ஹென்றி கையால் பந்தை நிறுத்திக் கொடுத்த கோலில் அயர்லாந்தின் உலகக் கோப்பைக் கனவு போனது. 2010இல் ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் லாம்பார்டு அடித்த பந்து கோட்டுக்கு உள்ளே நன்றாகவே விழுந்து எழும்பியது, கோல் இல்லை என்றார்கள். அந்தக் கூத்துக்குப் பிறகுதான் கோல் கோடு தொழில்நுட்பமே வந்தது. பந்து முழுசாகக் கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று ரெஃப்ரியின் கைக்கடிகாரம் ஒரு நொடியில் சொல்லிவிடும். அதைப் பற்றி யாராவது புலம்பிக் கேட்டிருக்கிறீர்களா? அநேகமாக இல்லை. கேள்வியும் தெளிவு, பதிலும் தெளிவு.

வி.ஏ.ஆர். 2018இல் விதிப்புத்தகத்துக்குள் வந்தபோது சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். கோல், பெனால்டி, நேரடி ரெட் கார்டு, ஆள் மாறாட்டம் என்று நான்கே விஷயங்கள். அதிலும் ‘தெளிவான, வெளிப்படையான தவறு’ இருந்தால் மட்டும்தான் தலையிடுவார்கள். இந்த ஒரு வரியை ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தால் நான் இந்தப் பதிவே எழுதியிருக்க மாட்டேன்.

அதே ஆண்டு உலகக் கோப்பை இறுதிப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்ஸ், குரோஷியா 1-1. கார்னரில் வந்த பந்து பெரிசிச் கையில் பட்டது. ரெஃப்ரி பித்தானா திரைக்குப் போனார், பார்த்தார், திரும்பி நடந்தார், மனசு கேட்காமல் மறுபடியும் போய்ப் பார்த்தார். அப்புறம் பெனால்டி. அந்தத் தீர்ப்பு சரியா தப்பா என்று இன்றைக்கும் இரண்டு மணி நேரம் சண்டை போடலாம். என் கேள்வி வேறு. ஒருவர் இரண்டு தடவை போய்ப் பார்க்க வேண்டியிருந்தால் அது எந்த ஊரில் ‘தெளிவான, வெளிப்படையான’ தவறு?

இதில் ஸ்லோமோஷன் செய்கிற வேலையைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு கை நகர்வதை நாலு மடங்கு மெதுவாகக் காட்டினால், அந்த ஆள் யோசித்து, திட்டம் போட்டுக் கையை நீட்டியது போலவே தெரியும். ஒரு டாக்கிளை அப்படிக் காட்டினால் காலை உடைக்கவே போனான் என்று தோன்றும். நிஜத்தில் எல்லாம் அரை நொடிக்குள் முடிந்த சமாச்சாரம். கால் எங்கே பட்டது, கையில் பட்டதா இல்லையா என்று பார்க்க ஸ்லோமோஷன் உதவும். வேண்டுமென்றே செய்தாரா, எவ்வளவு வேகம் என்பதற்கு அது பொய் சாட்சி. ஆனால் ரெஃப்ரி திரைக்கு முன்னால் போய் நின்றதும் கண்ணில் படுவது பெரும்பாலும் அதுதான். மேலே வி.ஏ.ஆர். அறையிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள், மைதானமே பார்க்கிறது, ‘இல்லை, நான் சொன்னதுதான் சரி’ என்று திரும்பி வருகிற தைரியம் எத்தனை பேருக்கு இருக்கும்?

ஆஃப்சைடு விஷயம் இதைவிட மோசம். அந்த விதி எதற்கு வந்தது? எதிரணி கோல் பக்கத்திலேயே ஒருத்தன் குடித்தனம் நடத்தக் கூடாது என்பதற்கு. யூரோ 2024இல் டென்மார்க்கின் ஆண்டர்சன் ஜெர்மனிக்கு எதிராக அடித்த கோல், அவர் அணியின் டெலானியின் பூட்ஸ் நுனி ஜெர்மனியின் தடுப்பு வீரரைவிட முன்னால் இருந்தது, அதனால் ஆஃப்சைடு என்று ரத்தானது. சில நிமிடங்களுக்குள் அதே ஆண்டர்சனின் விரலில் பந்து உரசியதைப் பந்துக்குள் இருந்த சென்சார் கண்டுபிடித்து, ஜெர்மனிக்குப் பெனால்டி. ஹாவெர்ட்ஸ் அடித்தார், 1-0. இரண்டும் எழுத்துப்படி சரியான தீர்ப்புகளாகவே இருக்கலாம். ஆனால் அந்த நுனிக் காலால் டெலானிக்கு என்ன லாபம் கிடைத்தது?

அந்தத் துல்லியமாவது நிஜமா என்றால், சென்சார் வருவதற்கு முன் அதுவும் இல்லை. நொடிக்கு 50 படம் எடுக்கிற கேமராவில், நொடிக்கு 8 மீட்டர் ஓடுகிற வீரர் இரண்டு படங்களுக்கு நடுவில் 16 செ.மீ. நகர்ந்துவிடுவார். பந்து காலை விட்டுக் கிளம்பியது எந்தப் படத்தில் என்று ஒரு மனிதர் கண்ணால் பார்த்து முடிவு செய்வார். பிறகு கோடு போட்டு அக்குள் அளவு பார்ப்பார்கள். இந்த லட்சணத்தில் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் பல சீசன் ஓடியது.

எனக்கு இதையெல்லாம்விடக் கவலை, மைதானத்தில் இருக்கும் நடுவர்களே மாறிவிட்டதுதான். ‘மேலே பார்த்துக்கொள்வார்கள்’ என்ற எண்ணம் ஊறிவிட்டது. லைன்ஸ்மேன் ஆஃப்சைடு என்று தெரிந்தும் கொடியைத் தூக்காமல் காத்திருக்கிறார், அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். 2025 மே மாதம் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட், லெஸ்டர் ஆட்டத்தில் அப்படித் தாமதமான ஒரு கொடிக்கு நடுவே ஓடிய ஃபாரஸ்ட் வீரர் அவோனியி கோல் கம்பத்தில் மோதி, வயிற்றில் அறுவை சிகிச்சை வரை போனது. செல்லாத ஆட்டத்துக்கு ஒருவர் உயிரைப் பணயம் வைத்து ஓடியிருக்கிறார்.

மேலே இருப்பவர்களும் மனிதர்கள்தானே. 2023 செப்டம்பர் 30, டாட்டன்ஹாம், லிவர்பூல், 0-0. லூயிஸ் டியாஸ் கோலுக்குக் கொடி தூக்கிவிட்டார்கள். ரீப்ளேயில் ஆஃப்சைடே இல்லை. வி.ஏ.ஆர். அறையில் இருந்தவர் மைதானத்தில் கோல் கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு ‘செக் கம்ப்ளீட்’ (பார்த்தாயிற்று, மைதானத் தீர்ப்பே சரி) என்றார். ஆட்டம் தொடர்ந்தது. தப்பு என்று உள்ளே தெரிந்தபோது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். அந்த ஒலிப்பதிவைக் கேட்டவர்களுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்திருக்கும். கேமரா சரியாகவே காட்டியது!

2025 மார்ச்சில் போர்ன்மவுத், வுல்வ்ஸ் எஃப்.ஏ. கோப்பை ஆட்டத்தில் ஒரு கோலைச் சரிபார்க்க எட்டு நிமிடம் ஆனது. டிவி பார்க்கிற நமக்காவது படம் காட்டுகிறார்கள். டிக்கெட் வாங்கி மைதானத்தில் உட்கார்ந்திருப்பவன் எட்டு நிமிடம் என்ன செய்வான், வேர்க்கடலை தின்பானா? நார்வேயில் கடுப்பான ரசிகர்கள் மீன் கேக்கை மைதானத்துக்குள் வீசி ஆட்டத்தையே நிறுத்தினார்கள். ஸ்வீடன் கிளப்புகள் எங்களுக்கு இந்தத் தலைவலியே வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டன.

2024இல் பிரீமியர் லீக் கிளப்புகளின் கூட்டத்தில் வுல்வ்ஸ் கொண்டுவந்த ‘வி.ஏ.ஆரை நீக்குவோம்’ தீர்மானம் 19-1 என்று தோற்றதே என்று கேட்பீர்கள். முக்கியமான தீர்ப்புகளில் சரியானவை 82 சதவீதத்திலிருந்து 96 சதவீதம் ஆனதாகப் பிரீமியர் லீக் அப்போது ஒரு கணக்கும் சொன்னது. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மில்லிமீட்டர் ஆஃப்சைடும் அந்த ‘சரி’க்குள்தான் வரும்.

நான் கேட்பது ரொம்பச் சின்ன விஷயம். கிரிக்கெட்டில் ‘அம்பயர்ஸ் கால்’ என்று ஒரு ஏற்பாடு இருக்கிறதே, பந்து ஸ்டம்பை லேசாக உரசுவது போலிருந்தால் அம்பயர் சொன்னதே நிற்கும் என்று. அதன் மேல் நமக்கு ஆயிரம் கோபம் இருந்தாலும், இயந்திரத்துக்கும் ஒரு எல்லை உண்டு என்று அது ஒப்புக்கொள்கிறது. கால்பந்திலும் கோடு போடாமல், நிஜ வேகத்தில், ஒரு நிமிடத்துக்குள் பார்க்கட்டும். தப்பு கண்ணில் அறைந்தால் மாற்றட்டும். தோஹா கோலுக்குப் பத்து நொடி போதும். இல்லையென்றால் விசில் ஊதியவர் சொன்னதே தீர்ப்பு.

வி.ஏ.ஆர். இன்னும் வராத நம் ஐ.எஸ்.எல்.லுக்கு வேறு வழியே இருக்கிறது. 2024இல் கொலம்பியாவில் நடந்த 20 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையில் ஃபிஃபா ஒன்றைச் சோதித்துப் பார்த்தது. தனி அறை, வி.ஏ.ஆர். அதிகாரி எதுவும் கிடையாது. ஒரு மேட்ச்சுக்கு ஒவ்வொரு கோச்சுக்கும் இரண்டு ரிவ்யூ, ரெஃப்ரியே போய்த் திரையில் பார்த்துச் சொல்வார். சில கேமரா இருந்தால் போதும், செலவும் குறைவு. கோச் இரண்டையும் முதல் பாதியிலேயே வீணடித்துவிட்டு அப்புறம் கத்தினால் அது அவர் பாடு. கால்பந்து கோச்சுகளில் தோனி மாதிரி ரிவ்யூ எடுக்கத் தெரிந்தவர் யார் என்று பார்க்க எனக்கு ரொம்ப ஆசை.