மேல்முறையீடு மறுவிசாரணை அன்று

விவாகரத்து வழக்கில் தோற்றவர் மேல்முறையீட்டில் தம் கதையை முதலிலிருந்து சொல்லலாம் என்று ஒரு கட்டுரையில் எழுதியிருப்பது பலருக்கு வீண் எதிர்பார்ப்பைத் தரும். பல நாடுகளில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சாட்சிகளை மீண்டும் அழைப்பதில்லை. வழக்கை முதலில் விசாரித்த கீழமை நீதிமன்றத்தில் பதிவான சாட்சியங்களையும் ஆவணங்களையும் படித்து, சட்டம் சரியாகப் பொருத்தப்பட்டதா, கண்டறிந்த உண்மைகளுக்கு ஆதாரம் உண்டா என்றே பார்க்கிறது. குறிப்பாகக் குழந்தை யாருடைய பொறுப்பில் வளர வேண்டும் என்ற கேள்வியில், பெற்றோரையும் சில வேளைகளில் குழந்தையையும் நேரில் கண்டு பேசிய நீதிபதியின் மதிப்பீட்டை, வழக்கு ஆவணங்களை மட்டும் வாசிக்கும் மேல்முறையீட்டு நீதிபதிகள் அமர்வு எளிதில் மாற்றாது. வேறு முடிவும் சாத்தியம் என்று காட்டினால் போதாது, குழந்தையின் நலனுக்குரிய முக்கியமான ஒன்று கவனிக்கப்படாமல் போனது என்பது போன்ற தெளிவான பிழையைக் காட்ட வேண்டும். (இந்தத் தயக்கம் சில நேரம் அளவு மீறுகிறது என்பது என் எண்ணம்.) ஜீவனாம்சக் கணக்கில் வருமானம் தவறாகக் கூட்டப்பட்டிருந்தால் திருத்தம் பெறுவது சற்று எளிது. தீர்ப்புக்குப் பிறகு வேலை போய்விட்டது என்றால், அதற்குரிய வழி பெரும்பாலும் மேல்முறையீடு அன்று, உத்தரவை மாற்றக் கோரி முதல் நீதிமன்றத்திலேயே தரும் மனுதான். மேலும், மேல்முறையீடு தாக்கல் செய்ததனாலேயே பராமரிப்புத் தொகை செலுத்தும் கடமை பொதுவாக நின்றுவிடுவதில்லை. அதற்கு, உத்தரவை நிறுத்திவைக்கும் தடையாணையைத் தனியே கேட்டுப் பெற வேண்டும்.